முந்நூறு வருட நஷ்டக் கணக்கு

போகி வந்தால் ஒட்டடைக் குச்சியைத் தேடுகிறோம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, உத்தரத்து மூலையில் நாலு சுழற்று. குச்சி முனையில் அழுக்குப் பஞ்சு மாதிரி ஏதோ சுருண்டு வரும். வாசலில் உதறிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவோம்.

அப்படி நாம் உதறித் தள்ளும் சமாசாரத்தில் துணி நெய்து பெரும் பணக்காரர் ஆகிவிடலாம் என்று முந்நூறு வருடங்களாக ஒரு கோஷ்டி அலைந்திருக்கிறது. அதிகாரிகள், பாதிரியார்கள், டாக்டர்கள், விஞ்ஞானிகள், கடைசியாக முதலீட்டாளர்களின் பணத்தை வாங்கிப் போட்ட கம்பெனிகள். ஒருத்தர் தோற்ற இடத்தில் அடுத்தவர் ஆரம்பித்தார். அவரும் தோற்றார். ஆனாலும் ஆசை மட்டும் விடவில்லை.

ஆசைப்பட்டதில் தப்பில்லை. சரக்கு அப்படி! நல்ல ஜாதிச் சிலந்தியின் இழை, எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிட ஐந்து மடங்கு வரை பலம். எஃகு வளையும், முறியும். இது ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு கொடுத்து அடியைத் தாங்கும். மூலப்பொருள்? ஈயும் கொசுவும். மில் வேண்டாம், கரண்ட் வேண்டாம், போனஸ் கேட்டுக் கொடி பிடிக்காத தொழிலாளி. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் இதைவிட அருமையான பிஸினஸ் உலகத்திலேயே கிடையாது.

பிறகு ஏன் கல்யாணத்துக்குப் பட்டுப்புழுவின் புடவையையே வாங்கிக்கொண்டிருக்கிறோம்?

முதலில் மாட்டிய ஆசாமி ஒரு கணக்கு அதிகாரி. பிரான்சின் தெற்கே மோன்பெல்லியே என்ற ஊர். அங்கே அரசாங்க வரவு செலவுகளைச் சரிபார்க்கும் கணக்கு நீதிமன்றத்தின் தலைவர், பான் த சான்-இலேர். பெரிய இடத்து மனிதர். ஓய்வு நேரத்தில் அவருக்குச் சிலந்தி மேல் கண்.

சிலந்திப் பெண் முட்டையிட்டதும், அதைச் சுற்றி ஒரு பட்டுப் பை நெய்து பத்திரப்படுத்தும். சுவர் இடுக்குகளிலும் மரப் பொந்துகளிலும் இருக்கும். பான் இந்தப் பைகளைச் சேகரித்தார். குச்சியால் தட்டித் தூசி நீக்கினார். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினார். சோப்பும் வெடியுப்பும் கொஞ்சம் பிசினும் போட்டுக் கொதிக்க வைத்தார். மறுபடி அலசி, உலர்த்தி, சிக்கெடுத்து, நூலாக நூற்றார். சாம்பல் நிறத்தில் பளபளவென்று பட்டு!

1709-ம் ஆண்டு அந்தப் பட்டில் செய்த காலுறைகளையும் கையுறைகளையும் பாரிஸில் இருந்த அறிவியல் அகாதெமிக்கு அனுப்பிவைத்தார். அகாதெமி வாயைப் பிளந்தது. காலுறை ஜோடியின் எடை மூன்று அவுன்ஸுக்கும் கீழே. அதே அளவுள்ள பட்டுப்புழுக் காலுறையைவிடப் பல மடங்கு லேசு.

மனுஷன் அத்தோடு நிறுத்தவில்லை. ஒரு சிலந்தி நூற்றுக்கணக்கில் முட்டை இடுகிறது. குஞ்சுகளில் ஒன்றுகூட அநேகமாகச் சாவதில்லை. பட்டுப்புழுவோ நூற்றுக்கு நாற்பதுகூடத் தேறுவதில்லை என்று எழுதினார். அதாவது, உற்பத்தி அதிகம், சேதாரம் குறைவு. படிக்கிற எவனுக்கும் நாக்கில் எச்சில் ஊறத்தானே செய்யும்?

அகாதெமிக்கும் ஊறியது. ஆனால் கடையைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தணிக்கை நடத்திவிடலாம் என்று நினைத்தார்கள். கணக்கு நீதிமன்றத் தலைவருக்கே தணிக்கை! வேலையை ஒப்படைத்தது ஓர் இளைஞரிடம். வயது இருபத்தேழு. பெயர் ரெயோமூர். பின்னாளில் தண்ணீர் 80 டிகிரியில் கொதிப்பதாக ஒரு வெப்பமானி அளவை உருவாக்கினாரே, அதே ரெயோமூர்தான்.

அவர் நாலாயிரம் ஐயாயிரம் சிலந்திகளைப் பிடித்து வந்தார். அறை அறையாகப் பிரித்து, ஓர் அறைக்கு ஐம்பது, நூறு என்று விட்டார். தீனிக்கு ஈ பிடித்துக் கட்டுப்படியாகுமா? நாடு முழுக்க இருக்கிற ஈயைப் பிடித்தாலும் பற்றாது. மண்புழுவை நறுக்கிப் போட்டார். குஞ்சுப் பறவைகளின் இளம் இறகுத் தண்டைக்கூடக் கொடுத்துப் பார்த்தார். இறகுத் தண்டு சிலந்திகளுக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அதைவிடப் பிடித்த பலகாரம் பக்கத்திலேயே இருந்தது. இன்னொரு சிலந்தி!

பெரியது சின்னதைத் தின்றது. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், அறைக்கு ஒன்று அல்லது இரண்டு. நன்றாகக் கொழுத்து உட்கார்ந்திருந்தன.

1710-ல் ரெயோமூர் அறிக்கை கொடுத்தார். அதன் கணிதத்தை இன்றைக்குப் படித்தாலும் ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரியே இருக்கும். ஒரு பவுண்டு பட்டுக்கு 2,304 பட்டுப்புழுக்கள் போதும். ஒரு புழு தருகிற பட்டை ஈடுகட்டப் பன்னிரண்டு சிலந்திகள் வேண்டும். ஆக 27,648. பொறுங்கள், பை நெய்வது பெண் சிலந்தி மட்டும்தான். ஆணையும் சேர்த்து வளர்த்தால்தானே முட்டை? ஆக 55,296. அதுவும் நல்ல ரகச் சிலந்தியாக இருந்தால். தோட்டத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் ரகம் அதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் தரும். அப்படியானால் 6,63,552 சிலந்திகள்!

ஒரே ஒரு பவுண்டுக்கு. அரைக் கிலோகூட முழுசாக இல்லை.

ஆறரை லட்சம் சிலந்திக்கு ஆறரை லட்சம் தனி அறை. அத்தனைக்கும் தினம் உயிருள்ள தீனி. யார் கட்டுவது, யார் ஊட்டுவது? கதை கந்தல்.

இங்கே கொஞ்சம் நின்று சிலந்தியின் பக்கத்தையும் பார்த்துவிடலாம்.

பட்டுப்புழு ஆயிரக்கணக்கான வருடம் மனிதனோடு குடித்தனம் நடத்திய பிராணி. தட்டில் கொட்டினால், ஒன்றன்மேல் ஒன்று புரண்டு முசுக்கட்டை இலையைத் தின்னும். வளர்ந்தால் ஒரே ஒரு கூடு கட்டும். அந்திப்பூச்சியாக வெளியே வந்தால்கூடப் பறக்கத் தெரியாது, தின்னத் தெரியாது. பட்டு அதற்கு ஒரு போர்வை, அவ்வளவுதான்.

சிலந்தி வேட்டைக்காரன். உலகத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-க்கு மேல். அவற்றில் கூட்டமாகச் சேர்ந்து வாழ்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில டஜன். மற்றதெல்லாம் தனிக்காட்டு ராஜா. அதற்கு நூல் என்பது போர்வை இல்லை. கயிறு, ஏணி, பொறி, தந்திக் கம்பி, தொட்டில், பொட்டலம் கட்டும் சணல், எல்லாமே அதுதான். வட்ட வலை பின்னும் சிலந்தி ஒன்றின் வயிற்றில் ஏழு வகைப் பட்டுச் சுரப்பிகள் வரை உண்டு. தொங்குவதற்கு ஒரு நூல். இரையைச் சுற்ற ஒன்று. ஒட்டவைக்கப் பசை ஒன்று. முட்டைப் பைக்கு வேறொன்று. பானும் ரெயோமூரும் மல்லுக்கட்டியது இந்த முட்டைப் பை ரகத்தோடு. எஃகை மிஞ்சுகிற ரகம் அது இல்லை. சிலந்தி தொங்குகிறதே, அந்த நூல்தான்.

வலை கட்டுவதைப் பார்த்தால் கொத்தனார் கெட்டார். முதலில் உயரமான ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு ஓர் இழையைக் காற்றில் விடும். அது எதிர்ப்புறம் எங்காவது போய் ஒட்டிக்கொண்டால் பாலம் ரெடி. பாலத்தின் நடுவிலிருந்து கீழே இறங்கி, ஆங்கில 'ஒய்' எழுத்து மாதிரி ஓர் அமைப்பு. அந்த மூன்று கோடும் சேரும் இடம்தான் வலையின் மையம். பிறகு வெளிச்சட்டம். பிறகு சைக்கிள் சக்கரத்துக் கம்பி போல ஆரங்கள்.

அடுத்த கட்டம்தான் அழகு. மையத்திலிருந்து வெளிப்பக்கமாக, அகலமான இடைவெளி விட்டு, ஒட்டாத நூலில் ஒரு சுருள் போடும். இது வெறும் சாரம். வீடு கட்டும்போது சவுக்குக் கம்பு கட்டுவோமே, அந்த மாதிரி. பிறகு ஓரத்திலிருந்து உள்பக்கமாக, சாரத்தின் மேல் நடந்துகொண்டே, பசை நூலில் நெருக்கமாக நிஜச் சுருளைப் போடும். போடப் போடச் சாரத்தைப் பிரித்துக்கொண்டே வரும். மொத்த வேலைக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். கையில் பிளான் இல்லை. பல வகைச் சிலந்திக்குப் பார்வையும் மந்தம். எல்லாம் கால் நுனியில் படுகிற அதிர்வுதான்.

அந்த அதிர்வுதான் அதன் உலகம். வலையில் எது துடித்தாலும் இரை. பக்கத்து வீட்டுச் சிலந்தி வந்து துடித்தாலும் இரைதான். இந்த ஒரு விஷயத்தை எந்த முதலாளியாலும் மாற்ற முடியவில்லை.

சரி, வரலாற்றுக்குத் திரும்புவோம். பையை விட்டுவிட்டு, நூலை நேராகச் சிலந்தியின் வயிற்றிலிருந்தே உருவினால் என்ன? பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெர்மேயர் என்ற ஸ்பானிய ஏசு சபைப் பாதிரியார் அதைச் செய்து காட்டினார். அடுத்த நூற்றாண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே ஒரு டாக்டரும் அதே வழியைக் கண்டுபிடித்தார். பெயர் பர்ட் கிரீன் வைல்டர். 55-வது மாசசூசெட்ஸ் என்ற கறுப்பின வீரர்களின் படைப்பிரிவில் மருத்துவர். 1863 ஆகஸ்ட். தெற்குக் கரோலினாவில் ஃபாலி தீவில் முகாம். அங்கே மரங்களுக்கு நடுவே மஞ்சள் நிற வலையில் ஒரு பிரமாண்டமான சிலந்தி. பிடித்துக் கோட்டுக் கைமேல் விட்டார். அதன் பின்பக்கத்திலிருந்து ஒரு நூல் தொங்கியது. இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. ஓர் இறகுத் தண்டில் சுற்ற ஆரம்பித்தார். ஒன்றேகால் மணி நேரத்தில் நூற்றைம்பது கஜம்! தங்கச் சரிகை மாதிரி மின்னியது. போர் முடிந்ததும் 1866-ல் ஒரு பிரபல அமெரிக்கப் பத்திரிகையில் கட்டுரையும் எழுதினார். பின்னால் பேராசிரியரும் ஆனார். பட்டு வியாபாரி மட்டும் ஆகவில்லை.

அந்தத் தங்க நிறச் சிலந்தியின் சொந்தக்காரர்கள் உலகின் பல வெப்ப நாடுகளில் உண்டு. மடகாஸ்கரில் அதற்கு 'ஹலாபே' என்று பெயர். 'பெரிய சிலந்தி' என்று அர்த்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே காம்பூவே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அதிலிருந்து நூல் உருவிப் பழகினார். 1896-ல் தீவு பிரெஞ்சுக் காலனி ஆனது. தலைநகர் அன்டனனரிவோவில் ஒரு தொழிற்பள்ளி. அதன் பொறுப்பாளர் நோகே ஒரு கருவி செய்தார். வரிசையாக இருபத்துநான்கு சின்னத் தொழுமரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிலந்தியின் இடுப்பை மாட்டி, இருபத்துநான்கு நூலையும் ஒன்றாக முறுக்கி இழுக்க வேண்டும். வேலை முடிந்ததும் சிலந்தியை விட்டுவிடலாம், சாகாது. கருவி செய்தது பிரெஞ்சுக்காரர். தினமும் தோப்புக்குப் போய்க் கூடை கூடையாகச் சிலந்தி பிடித்து வந்தது உள்ளூர் மலகாசிப் பெண்பிள்ளைகள். நோகேயின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. கடி வாங்கிய ஒருத்தியின் பெயர்கூட இல்லை.

அப்படி நெய்த ஒரு முழுக் கட்டில் விதானம் 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போனது. கூட்டம் அலைமோதிப் பார்த்தது. பிறகு அந்த விதானம் எங்கே போனது? யாருக்கும் தெரியாது. ஆர்டரும் வரவில்லை. கட்டிலோடு கதை முடிந்தது.

இத்தனை நஷ்டத்துக்கும் நடுவில் ஒரே ஒரு லாபக் கணக்கு உண்டு. துணியில் இல்லை, தொலைநோக்கியில். நட்சத்திரத்தையோ எதிரியின் டாங்கியையோ குறிபார்க்கும் கருவிக்குள் கூட்டல் குறி மாதிரி ஒரு கோடு தெரியுமே, அதற்குத் தலைமுடிகூடப் பருமன். சிலந்தி நூல் முடியில் பல மடங்கு மெல்லிசு, அறுவதில்லை, தொய்வதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வானியல் கருவிகளில் இதைப் பொருத்த ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது கலிஃபோர்னியாவில் யுகாய்பா என்ற சின்ன ஊரில் நான் சாங்கர் என்ற பெண்மணி வீட்டிலேயே சிலந்திப் பண்ணை வைத்து, அமெரிக்க அரசாங்கத்துக்கும் கருவிக் கம்பெனிகளுக்கும் நூல் சப்ளை செய்தார். கடித்தால் ஆபத்தான 'கறுப்பு விதவை' சிலந்திகூட அவருடைய தொழிலாளி.

அவர் ஜெயித்தது எப்படி? ஆளுக்கு ஒரு கண்ணாடி ஜாடி! ஒன்றை ஒன்று பார்க்கவே முடியாது. வாங்குகிறவருக்குத் தேவை புடவை நீளம் இல்லை. ஒரு கருவிக்குச் சில அங்குலம். சிலந்தி என்ன கொடுக்குமோ அதற்கேற்ற வியாபாரத்தை அவர் பிடித்தார். மற்றவர்கள் வியாபாரத்தை முடிவு செய்துவிட்டுச் சிலந்தியை அதற்கு வளைக்கப் பார்த்தார்கள்.

நம் காலத்திலும் ஆசை அடங்கவில்லை. மடகாஸ்கரில் துணி வியாபாரம் செய்த சைமன் பீர்ஸ் என்ற ஆங்கிலேயரும், நிக்கோலஸ் காட்லி என்ற அமெரிக்கரும் நோகேயின் கருவியை மறுபடி செய்தார்கள். எழுபது பேர் நீண்ட கம்போடு போய் டெலிபோன் கம்பங்களில் தொங்கும் சிலந்திகளைப் பிடித்தார்கள். நான்கு வருட உழைப்பு. 2009-ல் சுமார் பதினோரு அடி நீளத் துணி ஒன்று நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தது. சாயமே போடாத, அசல் தங்க நிறம். 2012-ல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு மேலங்கி. எடை ஒன்றரை கிலோ. நூல் தந்த சிலந்திகள் 12 லட்சம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒன்றரை கிலோவுக்கு 12 லட்சம் என்றால், ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 3,63,000. ரெயோமூர் சொன்ன குறைந்தபட்சம் 55,296. அதிகபட்சம் 6,63,552. அவர் கணக்கிட்டது முட்டைப் பையை வைத்து. இவர்கள் உருவியது நேரடி நூல். இருந்தாலும் முந்நூறு வருடம் கழித்து வந்த விடை அந்த இளைஞர் போட்ட இரண்டு எண்களுக்கு நடுவில் பொருந்தி உட்காருகிறது! முகூர்த்தப் புடவை முக்கால் கிலோ என்று வைத்துக்கொண்டால், நமக்கு ஆறு லட்சம் சிலந்தி தேவை. பிளவுஸ் பிட் தனி.

சிலந்தியே வேண்டாம், அதன் மரபணு மட்டும் போதும் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. கனடாவின் நெக்ஸியா கம்பெனி, சிலந்தியின் பட்டு மரபணுவை ஆட்டுக்குள் வைத்தது. ஆட்டுப் பாலில் பட்டுப் புரதம்! ஆடுகள் ஒன்றை ஒன்று தின்னாது அல்லவா? 2002-ல் அந்தக் கம்பெனியும் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்களும் சேர்ந்து, செல்களில் தயாரித்த சிலந்திப் புரதத்தை நூலாக்கிக் காட்டினார்கள். குண்டு துளைக்காத அங்கி வரப்போகிறது என்று உலகமே பேசியது. ஆனால் நூல் இயற்கை நூலின் பலத்தை எட்டவில்லை. 2009 வாக்கில் கம்பெனி கடையைக் கட்டியது. ஆடுகள் பல்கலைக்கழக ஆய்வுக்குப் போயின.

ஏன் எட்டவில்லை? ரகசியம் சரக்கில் மட்டும் இல்லை; நூற்பதில் இருக்கிறது. சிலந்தியின் வயிற்றுக்குள் பட்டு என்பது கெட்டியான திரவம். அது ஒரு நீண்ட, குறுகிக்கொண்டே போகும் குழாய் வழியே வருகிறது. வரும் வழியில் தண்ணீர் உறிஞ்சப்படுகிறது, உப்புகள் மாறுகின்றன, அமிலத்தன்மை படிப்படியாகக் கூடுகிறது. புரதங்கள் ஒரே திசையில் வரிசை கட்டி இறுகுகின்றன. வயிற்றின் நுனியில் உள்ள குட்டிக் காம்புகளில் வெளிவரும்போது அது திட நூல். பேஸ்ட் மாதிரி பிதுக்கி வெளியே தள்ளுவதில்லை. காலால் இழுக்கும், அல்லது குதித்துத் தன் எடையாலேயே இழுத்துக்கொள்ளும். சூடு இல்லை, கொடிய ரசாயனம் இல்லை. இந்தக் குட்டித் தொழிற்சாலையை ஆட்டின் மடியில் வைக்க முடியாதே!

அப்புறம் நுண்ணுயிர்களை வைத்துப் புரதம் தயாரித்தார்கள். 2017-ல் அமெரிக்காவின் போல்ட் த்ரெட்ஸ் கம்பெனி 314 டாலர் விலையில் வெறும் ஐம்பது டை விற்றது. பிற்பாடு அழகுசாதனப் பொருள் பக்கம் ஒதுங்கியது. ஜப்பானின் ஸ்பைபர் 2015-ல் குளிர்கால மேலங்கி ஒன்றை அறிவித்தது. ஒரு சிக்கல். சிலந்தி நூல் தண்ணீர் பட்டால் சுருங்கும். மழையில் சுருங்குகிற கோட்டை யார் வாங்குவார்? புரதத்தையே மாற்றியமைத்து, 2019-ல் ஐம்பது கோட்டு விற்றார்கள்.

கடைசியில் எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? 2023-ல் சீன ஆய்வாளர்கள் சிலந்தியின் மரபணுவைப் பட்டுப்புழுவுக்குள் வைத்து, புழுவையே சிலந்திப் பட்டு நூற்க வைத்தார்கள். பட்டுப்புழுவே போதும் என்று 1710-ல் ஓர் இளைஞர் கணக்கு போட்டுக் கொடுத்தாரே, சுற்றிச் சுற்றி அந்த வாசலுக்கே வந்திருக்கிறார்கள். இது பலிக்கலாம். புழு கூட்டமாக வாழும், இலை தின்னும், நூற்கவும் தெரியும். முந்நூறு வருடத்தில் முதல் தடவையாகத் தொழிலாளியின் சுபாவத்தைப் பார்த்து ஆள் எடுத்திருக்கிறார்கள்.

சிலந்திக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. வட்ட வலை பின்னும் பல இனங்கள் ராத்திரி வேட்டை முடிந்ததும் வலையைத் தாமே சுருட்டித் தின்றுவிடும். அந்தப் புரதம் செரித்து, அடுத்த வலைக்கே நூலாகத் திரும்பி வரும். போட்ட முதல் அப்படியே கைக்கு வந்துவிடுகிறது. நம்மவர்களின் பேரேட்டில் முந்நூறு வருடமாக நஷ்டம் ஏறிக்கொண்டே போக, அது தினம் தினம் கணக்கை நேர் செய்துவிட்டுத் தூங்கப் போகிறது.